அத்தானின் ஜப்பான் போலீஸ்

முப்பத்தோராம் பாகத்தில் எழும்பிப் போய்விட்ட என் பிரியமுள்ள அத்தானுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் இதை ஊர் முழுக்க நீங்களே சொல்லியிருப்பீர்கள். இப்போது அந்த வேலையும் என் தலையில்.

இரண்டு மாதத்துக்கு முன், கேரள எல்லையில், பனச்சமூட்டில் ஒரு மினி லாரி சாய்ந்து கிடந்தது. போலீஸ் எழுதி முடித்தால்தான் தூக்க முடியும். கிரேனை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கிரேன்காரன் வேலையில் முக்கால் பங்கும் உட்கார்ந்திருப்பதுதானே. போனில் உங்கள் ஜப்பான் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாடி உயரத்தில், கையும் காலும் உள்ள அந்தப் போலீஸ் வண்டி, கவிழ்ந்த ஒரு பஸ்ஸைத் தூக்கப் போகிறது. மேலே மின்கம்பி. உள்ளே இருந்து ஓட்டுகிற பெண்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டிய வாய் சும்மா இருக்குமா?

"பிள்ளே, கையத் தாழ்த்து! மேல லைன் கம்பி!"

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். ஒரு அம்மா மீன் பையைப் போட்டுவிட்டே ஓடினாள். சாயாக்கடைக்காரர் வந்து, "எந்து பற்றி சேட்டா? கம்பி பொட்டியோ?" என்று, கம்பிதான் அறுந்துவிட்டதோ என மலையாளத்தில் பதறினார். நான் போனைக் காட்டினேன். அவர் போனையும் பார்த்தார், என் நரைத்த மீசையையும் பார்த்தார். பிறகு கீழே கிடந்த மீன் பையை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

நம் சபை இதழில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியவனிடம் கேட்டால் இப்படித்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாபகம் உண்டா? ஞாயிறு ஆராதனை முடிந்து அக்காவும் நீங்களும் கொல்லயில் ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு நீங்களும் என் மகள் ஜினியும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். போலீஸ் ஜீப்பை ஓட்டி ஓட்டி இடுப்பு ஒடிந்த மனிதர், லீவு நாளிலும் போலீஸையே பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு.

"அம்பத்திமூணு வயசுல பொம்மப் படம் பாக்கியளே அத்தான், நாணமில்லியா?"

"போடே. இது பொம்மப் படம் இல்ல. எனக்க ஸ்டேஷன்ல நடக்குததாக்கும். வண்டி மட்டுந்தான் பெருசு."

நான் நம்பவில்லை. ஜினியிடம், "மாமனுக்கு மண்டை குழம்பிப் போச்சு" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் போன பிறகு அவளும் அந்தப் படத்தை முப்பத்தொன்றாம் பாகத்தோடு நிறுத்திவிட்டாள். மாமா பார்க்காததை நான் எப்படிப் பார்ப்பேன் என்றாள். ஆனால் வேறு ஒன்றை அவள் நிறுத்தவில்லை. கனரக லைசென்ஸ் எடுத்தாள், பரீட்சை எழுதினாள், ஓடிக் காட்டினாள். சித்திரை வெயிலில் ஒரு தபால் வந்தது. போலீஸ் டிரைவர் வேலை, அத்தான். உங்கள் வேலை.

நான் வேண்டாம் என்றேன். ஒரே வார்த்தைதான். காரணம் கேட்டாள். "மாமன் பட்டது போதாதா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. டிவியைக் காட்டினாள். "முழுசும் பாருங்க அப்பா. ஒண்ணு விடாம. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க, நான் போவல்ல. அந்த ஆர்டர மடிச்சி அலமாரில வச்சிருவேன். சத்தியம்."

சேர வேண்டிய நாளுக்கு ஏழு வாரம் இருந்தது. குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்க்க ஆரம்பித்தேன். நாற்பதுக்கும் மேலே பாகங்கள். பேச்சு ஜப்பான், கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷ். நான் ஒரு வரியைக் கூட்டி வாசிப்பதற்குள் அவர்கள் அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார்கள். வரிக்கு வரி நிறுத்தி, அரைமணி நேரப் படத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். கண்ணும் கழுத்தும் ஒருசேர வலித்தன.

அத்தான், நீங்கள் சொன்னது சரிதான். நான் என்னவோ ஒவ்வொரு பாகத்திலும் உலகத்தைக் காப்பாற்றுவார்கள் என்று நினைத்தேன். அந்த ராட்சத வண்டி டிரெய்லரில் படுத்துக்கொண்டு வருகிறது, டிராஃபிக்கில் மாட்டுகிறது, வந்து சேர்வதற்குள் குற்றவாளி தானாகவே ஓடையில் விழுந்து கிடக்கிறான். பிறகு உடைந்த மதிலுக்கு விளக்கம் எழுத வேண்டும். முழங்காலுக்கு கிரீஸ் போட வேண்டும். ஒரு கீறலுக்காக மெக்கானிக் பெரியவரிடம் ஏச்சு வாங்க வேண்டும். ஒரு பாகம் முழுக்க வண்டி அசையவே இல்லை. மழையில் ஒரு ஸ்பேர் பார்ட்டுக்காகக் காத்திருந்து, யார் சாப்பாடு வாங்கப் போவது என்று சண்டை போட்டதோடு முடிந்தது. இதையும் ஒருவன் உட்கார்ந்து வரைந்திருக்கிறானே! அந்தப் பாகத்தை மட்டும் இரண்டு தரம் பார்த்தேன்.

அவர்கள் பிடிக்கிற ஆளும் அரக்கன் இல்லை. கட்டட வேலைக்கு அதேபோல வண்டி ஓட்டுகிறவன், குடித்துவிட்டு ரோட்டில் இறக்கிவிடுகிறான். என்னை மாதிரி ஒருவன். வரப்போகிற காலம் என்று சொல்லி எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலம் வந்து, போயும் விட்டது. எல்லார் மேசையிலும் வயர் வைத்த போன். மூன்று மாடி உயரத்துக்கு வண்டி வந்தாலும், அதற்குள் இருப்பவனுக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. உங்களுக்கு இதுதான் பிடித்துப்போனது, இல்லையா? உங்கள் களைப்பை யாரோ ஒருவன் தூர தேசத்தில் இருந்து பார்த்திருக்கிறான் என்று?

நீங்கள் போன அந்தக் காலையைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டாம். பனச்சமூடு தாண்டி, ரப்பர் மரத்தடி ஏற்றிய லாரி கவிழ்ந்து கிடந்தது. முன் சக்கரம் தமிழ்நாட்டில், பின் சக்கரம் கேரளத்தில். எந்தப் பக்கத்துக் கேஸ் என்று முடிவாகும் வரை நான் கிரேனில், நீங்கள் ஜீப்பில். நம் எல்லையில் இது மாதத்துக்கு ஒன்று உண்டு. நான் இரண்டு சாயா வாங்கிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

அக்காவிடம் நான் சொன்னதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அத்தான் பாதிச் சாயாவைக் குடித்தார், என்னைக் கேலி பண்ணிச் சிரித்தார், அப்படியே சாய்ந்தார், கஷ்டப்படவில்லை என்றேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷத்தையும் கடந்தாள். ஜினியும் அப்படித்தான்.

முப்பத்திரண்டாம் பாகம் வந்தபோது ஜினியும் வந்து உட்கார்ந்தாள். அவளே எனக்கு வாசித்துச் சொன்னாள். நல்ல உச்சி வெயில், அந்தப் போலீஸ்காரர்கள் பாலத்தடியில் காவல் இருக்கிறார்கள். டிரெய்லர் ஓட்டுகிறவன் சீட்டைச் சாய்த்து உறங்குகிறான். இன்னொருவன் இரண்டு டின் காப்பியோடு வந்து, "சம்பளத்துக்கா உறங்குகிறாய்?" என்று கேலி செய்கிறான். உறங்கினவன் கண்ணைத் திறக்கிறான். டின்னை வாங்குகிறான். பாதி குடிக்கிறான். சிரிக்கிறான்.

"அப்பா, பாத்தியளா? மாமாவும் நீங்களும் போலயே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு அந்த வண்டி வேண்டாம் அப்பா. அந்த ஆளுவதான் வேணும். ஒருத்தன் களைச்சா இன்னொருத்தன் வந்து நிப்பான். மாமாக்குக் கடைசில நீங்க வந்து நின்னிய இல்லியா? இப்பமும் வேண்டாம்னு சொல்லுவியளா?"

அந்த நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும், அத்தான். அதைச் சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். ஆர்டர் அலமாரிக்குப் போயிருக்கும். என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கண்ணு வலிக்குது மக்கா, நிறுத்து" என்று எழும்பி முற்றத்துக்குப் போனேன். கிரேனுக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு அன்று கழுவல் தேவையே இல்லை.

மிச்சத்தையும் பார்த்து முடித்தோம். நெய்யாற்றின்கரையில் ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். "முழுசும் பாத்தாச்சு, இல்லியா? இனி சொல்லுங்க" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். "ஓட்டுனா வண்டியத் துடச்சி வையி. மாமன் பேரக் கெடுக்காதே" என்றேன். அதுதான் என் சம்மதம். அவளுக்குப் புரிந்தது. ரயில் நகர்ந்த பிறகு பிளாட்பாரப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிரேன் தூக்கின களைப்பெல்லாம் ஒரு களைப்பா, அத்தான்?

பயிற்சியில் காலில் கொப்புளம் வந்திருக்கிறதாம். பக்கத்துக் கட்டில் பிள்ளை மருந்து போட்டுவிட்டாளாம். போனில் சந்தோஷமாகச் சொன்னாள்.

இதை அக்கா வாசிப்பாள். ஜினிக்கும் ஒரு பிரதி போகும். வாய் எனக்குக் கேலிக்கு மட்டும்தான் உதவும், அதனால் எழுதுகிறேன். அக்கா என்னை மன்னிப்பாளா, தெரியாது. உங்களுக்கு நான் தருகிற வாக்கு ஒன்று உண்டு. இனி எந்த வண்டியில் யார் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாலும், அது நாளைக்கு என் மகளாகவே இருந்தாலும், முதலில் தோளைத் தொடுவேன். கேலி பிறகுதான்.

நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அன்று நான் வரும்போதே நீங்கள் ஜீப்பில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தீர்கள், சாயாவைக் குடிக்கவே இல்லை, அத்தான். "சர்க்கார் சம்பளத்துல உறக்கமா, குறட்டையக்கூடக் காணல்லியே" என்று, இரண்டு கிளாஸும் ஆறிப்போகிற வரை, நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மச்சினன்,
கிரேன் ஜெபமணி