வரமாட்டேன் என்ற ராணி

தி.நகர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், வயிற்றில் இருப்பதும் உன்னைப் படுத்தாமல் இருக்கட்டும். இங்கே தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து அப்பா இப்போதுதான் கடையிலிருந்து நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறார். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போட்டால் கொஞ்சம் கேட்கும். உனக்குப் பேறுகால மருந்து கிளறி டப்பாவில் போட்டுவிட்டேன், மாடிவீட்டு தபஸ்ஸும் தன் அக்காவைப் பார்க்க டொராண்டோ வருகிறாள், அவளிடம் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன். ஃபோனில் சொன்னால் ஆகாதா என்பாய். உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு ராஜா ராணிப் படத்துக்குப் போனோம். கனடா போயிட்டா ஆறு மாசம் தியேட்டர் ஏது மதினி, அதுக்குள்ள ஒண்ணு பாத்துருங்க என்று சொல்லி உன் அத்தைதான் கூட்டிக்கொண்டு போனாள், அப்பாவும் வந்தார். படத்தில் மகன் போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடக்கிறான், அம்மா வரவேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்புகிறான். ராணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுகிறாள். அதற்குப் பேய் வருகிற மாதிரி ஒரு மேளம், கண்மையைக் காதுவரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். பெத்த புள்ள கெடக்கான், இவ எப்படி முழுங்குறா பாருங்க என்று அத்தை என் தோளை இடித்தாள். பிள்ளை கிடக்கும்போது போகாதது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் போருக்குப் போர் ராஜாவோடு கூடாரத்தில் கிடந்து அவள்தான் புண்ணுக்கு மருந்து கட்டினாள், அதை ஒரு பாட்டின் பாதிக்குள் ஓட்டிவிட்டார்கள். அவள் அலுத்துப்போயிருப்பாள் என்று அந்த டைரக்டருக்குத் தோன்றவே இல்லை.

காரில் இதைச் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு சினிமாவ சினிமாவா பாரு என்றார், அதே மூச்சில் கனடா டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போட என்றும் கேட்டார். நான் வருகிறேன் என்று உன்னிடமோ அவரிடமோ ஒருநாளும் சொன்னதில்லை, நீயே யோசித்துப் பார். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, கடையில் வேலைபார்ப்பவர்கள் வரைக்கும் சொல்லியாகிவிட்டது, அத்தை ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள். உன் முதல் பிரசவத்துக்கு வந்தேன், பெங்களூரில் உன் அண்ணிக்குப் பார்த்தேன், அதற்கு முன்னால் தாத்தா படுக்கையில் கிடந்த வருஷங்கள். எல்லாம் ஆசையாகத்தான் செய்தேன். இப்போது உடம்பில் தெம்பில்லை கண்ணு, மனசிலும் இல்லை. நான் வரவில்லை. அப்பாவிடமும் இன்று காலையில் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளையை லீவு போடச் சொல். பிள்ளையைக் குளிப்பாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, வீடியோவில் நான் சொல்லச் சொல்ல அவரே செய்யட்டும். பிரசவம் ஆனபிறகு மருந்தைக் காலையில் வெறும் வயிற்றில் சுண்டைக்காய் அளவு சாப்பிடு, கசக்கிறது என்று தூரப் போடாதே.

திருச்செந்தூர் முருகன் உன்னையும் பிள்ளையையும் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வான். என்மேல் கோபம் வரும், வரட்டும், ஆறின பிறகு ஃபோன் பண்ணு. பண்ணும்போது எப்ப வர்றே என்று கேட்காதே. எப்படி இருக்கே என்று ஒரு தடவை கேள்.

உன் அம்மா,
ஜெயபாரதி