ஒரே பார்சல்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெர்மனியிலிருந்து ஷெரின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ராஜபாளையத்தில் நீங்களும், ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கும் அப்பாவும் சுகம்தானே?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். வலது கையில் கட்டு, பெரிதாக ஒன்றுமில்லை.

அந்த மீன்கள் இரண்டு இனம் கலந்து வந்தவை, எல்லாமே பெண். எந்த இனத்தின் மரபணு அதிகம் வேலை செய்கிறது என்று அளந்தோம். ஏறக்குறைய சமம். ஒன்று மற்றதை அடக்கவில்லை.

நீங்கள், "பிடிவாதம் அம்புட்டும் உங்கப்பாதான்" என்பீர்கள். அவரோ, "ஏட்டி, நீ அப்படியே உங்கம்மா" என்பார். இரண்டுமே சரிதான் போல.

உங்கள் இட்லிப்பொடியும் அப்பா வீட்டிலிருக்கும் என் ஸ்வெட்டரும் வேண்டும். ஒற்றைக் கையால் இரண்டு பார்சல் தூக்க முடியாது. ஒன்றாகக் கட்டி அனுப்புங்கள். வழக்கம்போல் உங்களுக்கொன்று, அப்பாவுக்கொன்று என்று இரண்டு கடிதம் எழுத இடது கைக்கு வரவில்லை. படித்ததும் இதை அப்பாவிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஷெரின்