செப்கிருய் உட்காரும் குழி

மார்ச் 9
செப்கிருய், இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். நீ தூங்கினால்தான் எனக்குக் கை ஓய்கிறது. பெரியவளானதும் நீ படிக்கத்தான் இந்த நோட்டு.

தூக்கத்தில் உன் விரல் வெடுக்கென்று துடிக்கிறது, பிறகு கால். கல்லூரியில் படித்திருக்கிறேன்: சிசுவின் நரம்புகள் தாமாகவே துடித்துப் பார்க்கும். கை அசையும். ‘ஓ, இது என் கை’ என்று மூளை குறித்துக்கொள்ளும். பின்னால் நடப்பதற்கான பாதை இப்போதே உள்ளே போடப்படுகிறது.

உன் அப்பாவிடம் சொன்னேன். “தூங்கிக்கிட்டே வேலை பாக்குறாளா? எங்க தேயிலை ஃபேக்டரி மேஸ்திரிக்கு இவ தேவல” என்றார்.

ஜூன் 30
ஐந்து மாதம். உன் அத்தை செப்கோரிர் வாசலில் குழி தோண்டினாள். கம்பளியைச் சுருட்டி அணை கொடுத்து உன்னை உள்ளே வைத்தோம். இங்கே எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் உட்காரப் பழகும். ஆட்டைப் பார்த்துச் சிரித்தாய்.

ஜூலை 12
தூங்கி எழுந்ததும் உன் தலை குனிகிறது, இரு கைகளும் விரிகின்றன. விட்டுவிட்டு ஒன்பது முறை.

“பாரு, ஜெபம் பண்றா! பாஸ்டருக்கே கட்டிக் குடுத்துடுங்க!” — பக்கத்து வீட்டு ரோதா.

அத்தை சிரிக்கவில்லை. “முழிச்சிருக்கறப்ப என்னடி துடிப்பு? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

“மூளை பாடம் படிக்குது அண்ணி. விடுங்க.”

“ஆமா, நாலு பெத்த நான் முட்டாள். ஒண்ணு பெத்த நீ ப்ரொஃபசர்.”

ஜூலை 20
பதினான்கு.

ஆகஸ்ட் 3
இருபத்தொன்று. சுறுசுறுப்பான மாணவி!

ஆகஸ்ட் 19
குழியில் சரிகிறாய். ஆட்டைப் பார்ப்பதில்லை. குழி அகன்றுவிட்டதோ? இன்னொரு கம்பளியைத் திணித்தேன்.

ஆகஸ்ட் 26
நகரத்து ஆஸ்பத்திரி. “எப்போ ஆரம்பிச்சுது?” என்றார் டாக்டர். இப்போதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் பையிலிருந்து நோட்டை உருவி நீட்டினாள்.

“எல்லாம் எழுதி வெச்சிருக்கா. படிச்சவ.”

பக்கம் பக்கமாகத் திருப்பினார். ‘மாணவி’யில் விரல் நின்றது.

“இது வலிப்பும்மா. தூக்கத்துல வர்ற துடிப்பு பாதை போடும். இது போட்டதையே கலைக்கும். முதல் வாரமே வந்திருந்தா—”

மிச்சத்தை எனக்கு விட்டுவிட்டார்.

ஆறு வாரம். நான்தானே எண்ணினேன்? சந்தோஷமா எண்ணினேனே, பாவி— கூடக் கூட சந்தோஷப்பட்டேனே!

ஜனவரி 28
ஊசிக்குப் பிறகு குனிவது நின்றுவிட்டது. உட்காருவது திரும்பவில்லை.

ரோதா வந்தாள். “உங்க குழி சும்மாத்தானே கெடக்கு? எம் புள்ளைய வெச்சுக்கவா?” சரி என்றேன். அது நிமிர்ந்து உட்கார்ந்து ஆட்டைப் பார்த்துச் சிரிக்கிறது.

இன்று உனக்கு ஒரு வயது. என் மேல் சாய்ந்து தூங்குகிறாய். சுண்டுவிரல் ஒருமுறை துடித்தது. எண்ணவில்லை.

இதைப் படித்ததும் ஒரு வரி போதும், செப்கிருய். சீக்கிரம் பதில் எழுது.