வியாழக்கிழமை நீ சொல்ல வேண்டியது

அன்பிற்கினிய மகளுக்கு,

இவ்விடம் நாங்கள் மூவரும் நலமே, உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அவ்விடம் நீ வேளைக்கு உண்டு உறங்கி நலமாயிருப்பதாகவே கொள்கிறேன், அவ்வாறு இல்லையெனில் உடனே தெரிவிக்கவும். தொலைபேசியில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். தொலைபேசியில் உன் அப்பாவும் அத்தையும் என்னை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விடுகிறார்களா? தவிர, முக்கியமானதை எழுத்தில் தருவதே முறை. நம் குடியிருப்பு அலுவலகத்தில் நாளை தண்ணீர் வராது என்று நான் அறிவிப்பு எழுதினாலும் ஜனங்கள் நின்று முழுதும் படித்துவிட்டுத்தான் வாளியைத் தேடுகிறார்கள், பள்ளிக்கூடம் கைவிட்ட பிறகு நானே கற்ற தமிழ் அது. தபாலில் விட்டால் வியாழனுக்குள் வந்து சேராது என்பதால் உன் அத்தை இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

பேச்சு சிகிச்சைப் படிப்புக்குச் சென்ற ஆண்டு உன்னை அழைத்துக் கேள்வி கேட்டுவிட்டு இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வியாழக்கிழமை நேர்காணலிலும் தவறினால் உன் மருத்துவமனை மறுபடி பரிந்துரைக்காது, வார்டு உதவியாளராகவே நின்றுவிடுவோமோ என்று நீ அஞ்சுவது எனக்குத் தெரியும். எனக்கு அந்த அச்சம் துளியும் இல்லை. சென்ற ஞாயிறு நாம் நடத்திய ஒத்திகையே அதற்குக் காரணம்.

உனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது, இங்கே நடந்ததை நீ பார்க்கவில்லை. உன் அப்பா சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலி வரிசையாகப் போட்டு, முழுக்கைச் சட்டை அணிந்து, ஷூவும் மாட்டிக்கொண்டு அமர்ந்தார். போனில் யார் உங்கள் காலைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, தேர்வுக்குழு என்றால் ஒரு இது வேண்டாமா என்றார். நீ நடுவில் என்ன சத்தம், என்ன சத்தம் என்று கேட்டாயே, அது இதுதான்: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இத்தனை காலம் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கம், நீ வேகமாகப் பேசும்போதெல்லாம் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது, மேசைக்கடியில் இருந்தது உன் அத்தையின் பாதம்.

ஏன் இந்தப் படிப்பு என்று அவர் கேட்டதற்கு நான் எழுதித் தந்த பதிலைப் பிழையின்றி ஒப்பித்தாய், "மொழியிழந்த மாந்தர்க்கு மொழியாய் விளங்குதலே என் வாழ்வின் குறிக்கோள்." உன் அத்தை பாதத்தைத் தேய்த்தபடி, "அண்ணி, இவ இன்டர்வியூக்குப் போறாளா, இல்ல விழாவுக்குத் தலைமை தாங்கப் போறாளா? எல்லாம் உங்க குரலாவே இருக்கு, புள்ளையக் காணோமே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இப்போதும் சொல்கிறேன், அது நல்ல வாக்கியம், வேறெங்காவது பயன்படுத்திக்கொள்வேன். அப்புறம் உன் அப்பா தேர்வுக்குழுவை மறந்து, "சரி விடு பாப்பா, வார்டுல என்ன விசேஷம்?" என்றார். நீ அந்தத் தையற்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய்.

பக்கவாதம் வந்தபின் அவர் வாயில் மிஞ்சியது 'ஆமா' என்ற ஒரே சொல், சாப்பிடுகிறீர்களா என்றாலும் ஆமா, வலிக்கிறதா என்றாலும் ஆமா. தட்டு மட்டும் அப்படியே திரும்பி வரும், அடம்பிடிக்கிறார் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். நீ மட்டும் அவர் ஆமா சொல்லும்போது கண் எங்கே போகிறது என்று பார்த்தாய், அது பக்கத்துக் கட்டிலில் அலறும் ரேடியோவுக்கே போகக் கண்டு அதை நிறுத்தினாய், அவர் தட்டைக் காலி செய்தார். அதோடு நில்லாமல் தலையசைத்து மறுக்க அவரை நீ பழக்கிக்கொண்டிருப்பதையும் சொன்னாய். எதுக்கும்மா இவ்வளவு பாடு, அதான் சாப்பிட்டுட்டாரே என்று உன் அப்பா கேட்டபோது நீ சொன்னது: "வேணாம்னு சொல்ல முடியலன்னா அப்புறம் அவரை ஆளாளுக்கு இழுத்துட்டுப் போவாங்கப்பா. முழுசாச் சொல்லிக்குடுக்க எனக்கு இன்னும் தெரியல, அதுக்குத்தான் படிக்கணும்." பேசி முடிக்கும்வரை உன் அப்பாவின் கால் தரையைவிட்டு எழவில்லை. நீயோ ஒன்றும் நடக்காதது போல, சரி அடுத்த கேள்வி கேளுங்க என்றாய்! அடுத்த கேள்வி எதற்கு, அவர்கள் கேட்கப் போவதற்கு நீ பதில் சொல்லியாயிற்று. சென்ற ஆண்டும் நான் எழுதித் தந்ததையே ஒப்பித்தாய், அந்த அறையில் உன்னைத் தவிர எல்லாரும் இருந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புதுச் செருப்பு அணியாதே, பழகியதையே துடைத்துப் போட்டுக்கொள். தெரியாததைத் தெரியாது என்று சொல். வெளியே வந்ததும் முதலில் எதையாவது சாப்பிடு, அதன் பிறகு எங்களைக் கூப்பிடு. உன் அப்பா, அத்தை இருவரின் ஆசியும் இதனுள் அடக்கம், எல்லா நலமும் பெற்று நீ நீடு வாழ்க.

தையற்காரரைப் பற்றி நீ சொன்ன இரண்டு வாக்கியங்களையும் எழுதும்போது செந்தமிழாக்கிவிடக் கை பரபரத்தது. திருத்தவில்லை. நீயும் திருத்தாமல் அப்படியே சொல்.

என்றும் உன் வெற்றியில் ஐயமில்லாத,
உன் அம்மா