மூலைத் தூணில் ஒரு குள்ளன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் இருமலும் வீட்டைவிட்டுப் போகாமல் சுகமாகவே இருக்கிறது. உன்னைக் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்பதைத் தவிர வேறு வராது என்று மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டேன். வார்டில் மயங்கி விழுந்தாயாமே, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி டியூட்டி பார்த்தாயாமே. அவரைக் கோபிக்காதே, நான்தான் வாயைப் பிடுங்கினேன். லீவு போடச் சொன்னதற்கு நான் இல்லாட்டி வார்டு என்ன ஆகும் என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கு இப்போது அந்தப் பழைய புத்தர் கோயிலில் பெயிண்ட் வேலை, சுரண்டுவதற்கு நானும் கூடப் போகிறேன். தூண்களின் உச்சியில் உருண்டை உருண்டையாக ஏதோ இருக்குமே, எத்தனை தடவை போயிருக்கிறோம், ஒருநாளாவது அண்ணாந்து பார்த்தோமா? சாரத்தில் ஏறிப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டினால் அத்தனையும் குள்ளக் குள்ள ஆட்கள், இரண்டு கையாலும் உத்திரத்தைத் தாங்கிக்கொண்டு, கன்னம் உப்ப, கண் பிதுங்க. மூலைத் தூணில் இருந்தவனுக்கு மட்டும் மேலே கை இல்லை. உன் அப்பாதான் அவசரக் குடுக்கை ஆயிற்றே, கை உடைஞ்சு போச்சு, நானே வச்சு விடறேன் என்று சாந்து குழைத்துவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் சுரண்டினால் கை எங்கேயும் போகவில்லை, ஒன்று மடியில், ஒன்று தாடையில், கண்ணை மூடி அக்கடா என்று உட்கார்ந்திருக்கிறான். செதுக்கிய மகராசன் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறான். அப்பா விடாமல், அப்ப பாரத்தை யார் தாங்கறது என்று சண்டைக்கு வந்தார். கீழே நின்ற பிக்கு அண்ணாந்து பார்த்துச் சிரித்து, இத்தனை காலமா அவன் அப்படித்தானே இருக்கான், கூரை என் தலையில விழலையே என்றார். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார், சாந்தும் சட்டியிலேயே இறுகிவிட்டது. எனக்கோ அடுத்த தூணில் கண் பிதுங்கத் தாங்குகிறவனிடம் உன் முகம் தெரிந்து, சாரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

லீவு போடு கண்ணு. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் கை இருக்கிறது. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசி. ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிற நர்சம்மா தன் சத்து மாத்திரையை மறக்க வேண்டாம். மற்ற தூண்களெல்லாம் முடிந்துவிட்டன. மூலைத் தூணில் மட்டும் சாரம் அப்படியே நிற்கிறது, மக லீவு போட்டான்னு சேதி வரட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார், பிக்குவும் தலையாட்டிவிட்டார்.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
அம்மா