நனைந்த தழை

காலையில் நம் மருமகள் தேவகி அரிசி புடைத்துக்கொண்டே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். வாசலில் இருந்த எனக்கு அந்த நறுக் நறுக் சத்தம் கேட்டது. நீ முந்தானையில் பச்சரிசி முடிந்துகொண்டு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நாட்கள் அப்படியே எதிரில் வந்து நின்றன.

"இன்னாமே, எலி மாதிரி துன்னுகினே கீற?" என்று கேட்டேன் அன்று.

"எலிக்காவது வீட்டுக்குள்ள எடம் கீதுங்க" என்றாய். நான் சிரித்தேன். உடம்பில் ரத்தம் வற்றினால் பச்சரிசிக்கு நாக்கு அலையும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டுக்குத் தூரமானவள் கொட்டகையில்தான் இருக்க வேண்டும், பட்டுப்புழு மனைக்குள் போகக் கூடாது என்பது என் நைனா வைத்த கட்டு. மற்றவர்களுக்கு மூன்று நாள். உனக்கோ பத்து, பதினைந்து. தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்த மறுவாரமே மறுபடி தொடங்கிவிடும்.

அந்த மழை வாரத்தில் புழுக்கள் கூடு கட்டும் முன் அகோரமாகத் தின்றுகொண்டிருந்தன. நான் நனைந்த மல்பெரித் தழையை அறுத்து வந்து, உலர்த்தப் பொறுமையில்லாமல் அப்படியே போட்டேன். மூன்றாம் நாள் தட்டுத் தட்டாகக் கறுத்துச் செத்தன.

"தூரமா இருந்துகினு தட்டத் தொட்டியா?"

"ஆமாங்க. நீங்க தழைக்குப் போயிருந்தீங்க. பசியில தலையத் தூக்கிகினு இருந்துச்சுங்க. பாக்க முடியல."

ஈரத் தழை புழுவுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஊரே உன்னைப் பேசியது. நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம், "அத்தினி உசுரக் கொன்னவ நானு. அந்தப் பாவந்தான் இப்பிடிப் போவுது. போவட்டும்" என்று மறுத்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ மயங்கி விழுந்த பிறகுதான் குப்பம் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் ஏற்றினார்கள். உன் நெஞ்சு தாங்காமல் நின்றுவிட்டது.

இன்று தேவகியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எத்தினி நாளா போவுது?"

"போ மாமா, இதெல்லாமா கேப்பாங்க?" என்றாள். பிறகு முறத்தைப் பார்த்தபடியே, "பதினோரு நாளு" என்றாள். அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் குறைவாம். மாத்திரை கொடுத்து, ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். ஈரத் தழை என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"அத்தைக்கு இது தெரியவே தெரியாதா மாமா?"

"தெரியாது. எழுதும்மா."

புழு உன்னால் சாகவில்லை. தழை நனைந்திருந்தது. போட்டது நான்.