பன்னிரண்டாவது இடம்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
நவம்பர் 17

அன்புள்ள எமிலியாவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்பது நேற்றைய உன் குரலிலேயே தெரிந்தது. எனக்கும் ஒரு குறையும் இல்லை. பனி விழத் தொடங்கிவிட்டதால் ரொம்மன் பக்கம் பேருந்தை ஊரவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

நீ வகுப்புக்கு ஓடிவிட்டதால் நமது வாக்குவாதம் பாதியில் நின்றது. மிச்சத்தை எழுதிவிடுகிறேன். உங்கள் வில்லோ கிரீக் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணி பத்து ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்றது உண்மை. ஆனால் யாரை வென்றது? அந்தப் பத்துப் பேரில் பலமான அணி ஒன்றுகூட இல்லை. எல்டன் பல்கலைக்கழகம் மூன்றில் தோற்றாலும் மலை போன்ற அணிகளோடு மோதித் தோற்றது. இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு அணிகள்தான் என்றால் கடைசி இடம் எல்டனுக்கே. நான் அந்தத் தெரிவுக் குழுவில் இருந்தால் யோசிக்காமல் அப்படித்தான் சொல்வேன்.

அம்மாவின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு டிசம்பர் 19 மாலை ஆறு மணிக்குச் சொல்லியிருக்கிறேன். நீ 17ஆம் திகதி வந்து இறங்கினால் எல்லாம் சரியாக இருக்கும்.

அளவாகச் சாப்பிடாதே, வயிறு நிறையச் சாப்பிடு.

வேல் மாமா

—

வில்லோ கிரீக்
நவம்பர் 21

அன்பு மாமாவுக்கு,

எல்டனுக்காக இவ்வளவு வாதாடுகிறீர்களே, அவர்களுடைய சட்டையின் நிறம் என்னவென்றாவது தெரியுமா?

யாரோடு விளையாடுவது என்பதை எங்கள் அணி தீர்மானிப்பதில்லை. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எங்களோடு மோத விருப்பமில்லை. தோற்றால் மானம் போய்விடும். கூப்பிடாமலே விட்டுவிட்டு, பிறகு நீங்கள் யாரை வென்றீர்கள் என்று கேட்பது நியாயமா?

தெரிவுக் குழுவில் பதின்மூன்று பேர். அதில் ஒருவருக்கு ஒரு பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய தொடர்பு இருந்தால், அந்த அணியைப் பற்றிக் கதைக்கும்போது அவர் எழுந்து அறைக்கு வெளியே போய்விட வேண்டுமாம். எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தேன். நாங்கள் தெரிவானால் முதல் ஆட்டம் டிசம்பர் 20. அணியோடு நான் வாசிக்கும் வாத்தியக் குழு முழுவதும் போக வேண்டும். என்னால் 17ஆம் திகதி வர முடியாது; திருப்பலிக்கும் இருக்க மாட்டேன்.

நேற்றுப் பயிற்சியில் கை விறைத்தபோது உங்களை நினைத்தேன். பாடசாலை வாத்தியக் குழுவுக்கு ஒன்பது வருடம் என்னையும் டிரம்போனையும் ஏற்றி இறக்கினீர்கள். குழுவின் செலவுக்கு மலசலகூடக் கடதாசிக் கட்டுகளைக் கதவு கதவாகத் தட்டி விற்றீர்கள். அப்போது நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எமிலியா

—

ஹவுகன்ஸ்டுவா
நவம்பர் 30

அன்புள்ள எமிலியாவுக்கு,

மின்னஞ்சலில் வந்த உன் கடிதத்தை அன்றே இடைவேளையில் பேருந்துக்குள் இருந்து வாசித்தேன். பதில் எழுத ஒன்பது நாள் எடுத்ததற்குக் காரணம் பனி அல்ல.

அறையை விட்டு எழுந்து போயிருக்க வேண்டியவன் நான்தான். எல்டனின் ஓர் ஆட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் அணி தெரிவானால் வாத்தியக் குழுவும் போகும், நீ வரமாட்டாய் என்பதை நீ சொல்வதற்கு முன்பே உங்கள் பல்கலைக்கழக இணையத்தளத்தில் வாசித்துவிட்டேன். மிச்சமெல்லாம் அதை மறைக்கச் சொன்ன நியாயங்கள்.

உன்னைப் பெற்றவர் இறந்து நான்கு வருடங்களுக்குப் பிறகு, உனக்கு எட்டு வயதில், உன் அம்மா றெஜினாவைக் கட்டி நான் இந்த வீட்டுக்குள் வந்தேன். நீ என்னை மாமா என்றாய். எனக்கு அதுவே பெரிது. நம் இருவரையும் சேர்த்து வைத்திருந்தவள் றெஜினா. அவள் போன பிறகு நீ இங்கே வருவதற்கு என்ன இருக்கிறது என்று பயந்தேன். திருப்பலி ஒரு காரணமாக இருந்தது. அதுவும் போனால் அடுத்த வருடம் என்ன சொல்லி உன்னைக் கூப்பிடுவேன்? கோயிலில் எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்றுகூட எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. இவ்வளவு காலமும் உன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

இனி நேர்மையாகச் சொல்கிறேன். இந்த வாரம் உங்கள் ஆட்டங்கள் நான்கைப் பதிவில் பார்த்தேன். பின்தங்கியிருந்த இரண்டையும் கடைசிப் பத்து நிமிடத்தில் மீட்டிருக்கிறார்கள். ஆட்டத்துக்குக் கூப்பிடப்படாதவனைத் தோற்றவன் என்று எண்ணுவது பிழை. நேற்றோடு பதினொரு வெற்றி. கடைசி இடம் உங்களுக்குத்தான் சேர வேண்டும்.

தெரிவானால் நீ போய் வாசி. திருப்பலியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேல் மாமா

—

வில்லோ கிரீக்
டிசம்பர் 8

அன்பு மாமாவுக்கு,

நேற்று நடுப்பகல் எல்லோரும் விளையாட்டு மண்டபத்தில் கூடியிருந்தோம். பதினொரு பெயரும் சொல்லி முடித்தார்கள். பன்னிரண்டாவதாக எங்கள் பெயர் வந்தது. அருகில் நின்ற சோஃபி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், அதில் பாதி 19ஆம் திகதிக்காக.

எங்கள் வாத்தியக் குழுப் பயிற்றுநரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "நீ வீட்டுக்குப் போகலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்" என்றார். இரவல் நியாயம் ஒன்றும் இல்லாமல் தனியாக இருந்து யோசித்தேன். நீங்கள் போ என்று எழுதியிருக்காவிட்டால் நான் வந்திருப்பேன், வந்து உங்களோடு கோபமாகவும் இருந்திருப்பேன். அதனால் போகிறேன். தோற்றால் 22ஆம் திகதி புறப்பட்டு 23 காலை ஒஸ்லோவில். வென்றால் புதுவருடத்துக்குப் பிறகு.

உங்கள் பயத்தைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. நேரில் சொல்கிறேன். நீங்கள் எனக்கு உண்மையைச் சொன்னதற்கு நன்றி, மாமா.

எமிலியா

—

ஹவுகன்ஸ்டுவா
டிசம்பர் 21

அன்புள்ள எமிலியாவுக்கு,

ஆட்டம் முடிந்த களைப்பில் இருப்பாய். முதலில் அதைச் சொல்கிறேன். கீழ்வீட்டு லீசாவும் வந்திருந்து தொலைக்காட்சியில் பார்த்தாள். இடைவேளையில் உன்னை மூன்று விநாடி காட்டினார்கள். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டேன். இருபத்தொரு புள்ளிகளால் தோற்றீர்கள். இவர்களைத் தெரிவு செய்திருக்கவே கூடாது என்று இன்று காலை எழுதுகிறார்கள். எழுதட்டும். தோற்றதால் தகுதி இல்லாமல் போய்விடாது. நீங்கள் வெல்ல வேண்டும் என்றுதான் கடைசிவரை இருந்தேன். வென்றால் நீ வரமாட்டாய் என்று தெரிந்தும்.

இனித் திருப்பலி. முன்வரிசையில் தனியாக இருந்தேன். பின்னால் இருந்தவர்கள் எழும்பும் சத்தம் கேட்டு எழும்பினேன். நீ பாதருக்கு ஏதோ எழுதி அனுப்பியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அவர் முதலில் றெஜினாவின் ஆன்மாவுக்காக என்று வாசித்தார். பிறகு, "எமிலியா தன்னை வளர்த்த அப்பாவுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துகிறாள்" என்றார். அப்பா என்றதும் உன்னைப் பெற்றவரின் பெயர் வரப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். அவர் "இரத்தினவேல்" என்று என் முழுப் பெயரை வாசித்தார்.

எல்லோரும் எழும்பிவிட்டார்கள். நான் எழும்ப மறந்து இருந்துவிட்டேன்.

23ஆம் திகதி வேலைக்கு விடுமுறை எடுத்துவிட்டேன். விமான நிலையத்தில் நிற்பேன். நீ மாமா என்றே கூப்பிடு, அதில் ஒன்றும் குறைவில்லை.

உன்,
அப்பா